கொடுவா ஏறி வரும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஊத்தான் மெலிந்தாங் காலைச் சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒரு கொடுவாவைத் தூக்கி வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஒன்றரைக் கிலோ இருக்கும். "இதுல சினை இருக்குமா தம்பி?" என்று கேட்டார். மீன் வெட்டிக்கொண்டிருந்த தம்பி தலை நிமிராமல் சொன்னார்: "இந்த சைசு சியாக்காப்புல சினை வராதுக்கா. இத்தனை வருஷமா வெட்டுறேன், ஒண்ணுலகூடப் பார்த்ததில்ல. பெருசு வந்தா எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்குங்க."

தம்பி கத்தி பிடித்துத் தெரிந்துகொண்டதைத்தான் மீன் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். மலாயில் சியாக்காப் எனப்படும் கொடுவா பெரும்பாலும் ஆணாகவே வாழ்வைத் தொடங்குகிறது. மூன்று நான்கு வயதில் ஆணாக முதிர்ந்து, சில பருவங்கள் இனப்பெருக்கத்தில் கலந்துகொண்டு, ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் பெண்ணாக மாறுகிறது. அதற்குள் மீன் ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கியிருக்கும். அப்படியானால், ஓர் ஆற்றில் உள்ள பெரிய கொடுவாக்களை எல்லாம் பிடித்து முடித்துவிட்டால் மிஞ்சுவது ஆண்கள் மட்டுமே. நூற்றுக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தாலும் முட்டையிட ஒன்று இருக்காது. நன்கு வளர்ந்த ஒரு தாய்க் கொடுவா ஒரு பருவத்தில் மில்லியன் கணக்கில் முட்டையிடும். அந்த ஒன்றை இழப்பது சிறிய மீன் நூறை இழப்பதைவிடப் பெரிய நட்டம்.

சினை மீனுக்குச் சந்தையில் தனி மவுசு உண்டு. என் அம்மாவும் அப்படித்தான் தேடி வாங்குவார். அதைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் மீன் குறைந்துவிட்டது, விலை ஏறிவிட்டது என்று இந்த ஊரில் எல்லாரும் பேசுகிறோம். பேசும்போது எல்லாருடைய கையும் கடல் பக்கம்தான் நீள்கிறது. பெரிய படகு, வெளிநாட்டுப் படகு, இழுவை வலை. அது பாதி உண்மை. மீதிப் பாதி நம் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கொடுவாவின் வழியைப் பின்தொடர்ந்தாலே இது விளங்கும். தாய் மீன் ஆற்று முகத்துக்கு அருகே, உப்பு மிகுந்த நீரில், பெரும்பாலும் அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களின்போது, அதாவது கடல்நீர் மிகுதியாக ஏறி இறங்கும்போது, முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சுகளை ஏறி வரும் ஓதம் அலையாத்திக் காட்டுக்குள்ளும் சிற்றோடைகளுக்குள்ளும் கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து அவை இன்னும் மேலே, சதுப்புக்கும் நன்னீருக்கும் ஏறுகின்றன. இரை நிறைய, பகை குறைவு. அங்கே சில ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்து, மறுபடி ஆற்று முகத்துக்கு இறங்குகின்றன. மேலே ஏறவும் கீழே இறங்கவும் வழி திறந்திருந்தால்தான் இது நடக்கும்.

இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். ஊத்தான் மெலிந்தாங் பெர்னாம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. மலாய்ப் பெயருக்குக் குறுக்கே கிடக்கும் காடு என்று பொருள். அந்தக் காட்டின் பெரும்பகுதி போய் நூறாண்டுக்கும் மேலாகத் தென்னை, ரப்பர், கொக்கோ, இப்போது செம்பனை என்று தோட்டங்களாகக் கிடக்கிறது. கடலோரத் தாழ்நிலம் என்பதால் ஓதம் ஏறும்போது உப்பு நீர் உள்ளே வரும். உப்பு நீர் வந்தால் பயிர் போச்சு. அதனால் ஆற்றோரம் நெடுக மண்கரை போட்டு, வாய்க்கால் ஆற்றில் விழும் ஒவ்வோர் இடத்திலும் மதகு வைத்தார்கள். பிந்து ஆயேர் என்றால்தான் இங்கே பலருக்குப் புரியும்.

அந்த மதகு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சின்ன வயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மேலே கீல் வைத்துத் தொங்கும் கனத்த கதவு. வெளியே ஆற்று நீர் ஏறினால் அதன் அழுத்தமே கதவைச் சட்டத்தோடு ஒட்டி மூடிவிடும். ஆறு வற்றும்போது உள்ளே தேங்கிய தோட்டத்து நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். ஆள் வேண்டாம், மோட்டார் வேண்டாம். தோட்டத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மீனுக்கு இதுதான் சுவர். குஞ்சு ஏறி வருவது ஏறும் ஓதத்தோடு. சரியாக அந்த நேரத்தில்தான் கதவு மூடியிருக்கிறது. கதவு திறந்திருக்கும் நேரத்தில் எதிரே வரும் நீரின் வேகம் விரல் நீளக் குஞ்சால் எதிர்க்க முடியாதது.

முன்பு எங்கள் தோட்டத்து மதகு மரக்கதவு. அடிப்பக்கம் உளுத்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக நீரும் வரும், குஞ்சும் வரும். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் மாலையில் பாரிட்டில், அதாவது வாய்க்காலில், தூண்டில் போட்டால் விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டையோடு எப்போதாவது ஒரு கொடுவாக் குஞ்சும் வரும். கண் மட்டும் சிவப்பாக மின்னும். அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கடல் சாதி, விட்டுடு" என்பார். பிறகு இரும்புக் கதவு வந்தது. சொட்டு நீர் உள்ளே கசியாது. அதற்குப் பிறகு எங்கள் பாரிட்டில் நான் கொடுவாவைப் பார்த்ததில்லை.

ஆற்றின் எந்த இடத்தில் எந்தக் கதவு இருக்கிறது என்பது கொடுவாவுக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. சந்தையில் ஒரே தட்டில் வைத்து விற்கும் இரண்டு இறால்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நீலக் கால் நீண்ட உடாங் காலா. மற்றது வெள்ளைக் கடல் இறால். கடல் இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் அலையாத்திக் காட்டுச் சேற்றுக்கு வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகின்றன. உடாங் காலா நேர் எதிர். ஆற்றில் வாழ்கிறது, முட்டை சுமந்த பெண் இறால் கழிமுகம் நோக்கி இறங்கி, பாதி உப்பு நீரில் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஆற்றில் ஏறுகிறது. இரண்டும் ஒரே கழிமுகத்தில் ஒன்றையொன்று எதிரெதிராகக் கடந்து போகின்றன. அந்த இடம் கெட்டால் இரண்டும் கெடும்.

உடாங் காலாவின் இந்த இரகசியம் மலேசியாவில்தான் அவிழ்ந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நிபுணர் ஷாவ்-வென் லிங் பினாங்கில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில் இந்த இறாலைத் தொட்டியில் வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். ஆற்று இறால்தானே என்று நன்னீரில் விட்ட குஞ்சுகள் எல்லாம் சில நாட்களில் செத்துப் போயின. எதையெதையோ கலந்து பார்த்தவர் கடைசியில் சோயா சாஸைக்கூட ஊற்றிப் பார்த்ததாகவும், அதில் குஞ்சுகள் தெம்பாக நீந்தியதைப் பார்த்து உப்புதான் விஷயம் என்று பிடித்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1961-ல் அவர் கண்டுபிடித்தது இதுதான்: இந்த ஆற்று இறாலின் குஞ்சு உப்பு கலந்த நீர் இல்லாமல் பிழைக்காது. இன்று உலகம் முழுக்க நடக்கும் உடாங் காலா வளர்ப்புக்கு அந்தத் தொட்டிதான் தொடக்கம். மீன்வளத் துறை ஆறுகளில் கொண்டு வந்து விடும் இறால் குஞ்சுகளும் அந்த அறிவின் பயன்தான். குஞ்சு விடுவது நல்ல காரியம். ஆனால் விட்ட குஞ்சு தாயாகி இறங்கவும், அதன் பிள்ளைகள் திரும்ப ஏறவும் வழி இல்லையென்றால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சரி, இந்த வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கடல் மீன்பிடிப்பும் கழிமுக மீன்பிடிப்பும் கூட்டரசின் பொறுப்பு. ஆற்று மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. பெர்னாம் ஆறோ இரண்டு மாநிலங்களுக்கு எல்லை. வடகரை பேராக், தென்கரை சிலாங்கூர். ஆக ஒரே கொடுவா தன் ஆயுளில் மூன்று அரசுகளின் அதிகாரத்துக்குள் போய் வருகிறது. இதோடு முடியவில்லை. கரையோரக் காடு மாநில வனத்துறையிடம், வடிகால் வேறொரு துறையிடம், ஆலைக் கழிவு சுற்றுச்சூழல் துறையிடம், மண்கரைக்கு உள்ளே உள்ள வாய்க்கால் தோட்ட நிர்வாகத்திடம். மதகு வைப்பவர் வெள்ளத்தைப் பற்றி யோசிக்கிறார். அவரிடம் மீனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. நல்ல சட்டம். துபா என்ற நச்சு வேரை நசுக்கி ஆற்றில் கலக்குபவரைப் பிடிக்க அதில் இடம் இருக்கிறது. மூடியே கிடக்கும் கதவைக் கேட்க அப்படி ஓர் எளிய விதி இல்லை.

சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் நினைக்கவில்லை. அதற்கு என் சொந்தக் கண்ணே சாட்சி.

நான் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்கு மேல்புறம் ஓர் எண்ணெய் ஆலை இருந்தது. ஒருநாள் விடிகாலையில் பாரிட் முழுக்க மீன் வாய் பிளந்து மேலே மிதந்தது. விரால்கூடத் தலையை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கரையில் ஒட்டிக் கிடந்தது. காற்றை நேரடியாக மூச்சிழுக்கக்கூடிய மீன் அது. அதற்கே அந்தக் கதி. நீர் பழுப்பாக, வெதுவெதுப்பாக, புளித்த வாடையோடு இருந்தது. பெரியவர்கள் கூடை கொண்டு வந்து அள்ளினார்கள். எங்கள் வீட்டில் அம்மா வாங்கவில்லை. அன்று சாயங்காலம் பாரிட்டில் ஒரு தவளை சத்தம்கூட இல்லை. அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பழுப்பு நீரில் நஞ்சு எதுவும் கலந்திருக்க வேண்டிய அவசியமில்லை. செம்பனைப் பழத்தை வேகவைத்துப் பிழிந்தபின் மிஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் சக்கையும் கலந்த கழிவு நீர் அது. அதை நுண்ணுயிர்கள் தின்னும். தின்னும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கும் என்பதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். வீட்டுச் சாக்கடைக்கு அந்த அளவு சில நூறு. சுத்திகரிக்காத ஆலைக் கழிவுக்கு ஏறக்குறைய 25,000. மீன் மூச்சு முட்டித்தான் சாகிறது.

1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-ல் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிமுறை வந்தது. அதை வகுத்தவர்கள் ஒரேயடியாகக் கதவைச் சாத்தவில்லை. 1978-ல் 5,000 மில்லிகிராம் வரை அனுமதி, அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250 என்று படிப்படியாக இறக்கி 1984-ல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஆலைகளுக்குக் கழிவுக் குளம் வெட்டவும் பழகவும் அவகாசம் கிடைத்தது. தப்பிக்க வழி கிடைக்கவில்லை. பல ஆறுகள் மறுபடி மூச்சு விட்டன. நாட்டின் மீன்வள வரலாற்றில் இது பெரிய வெற்றி என்பது என் கருத்து. ஆனால் மீன் என்ற சொல்லையே முன்வைக்காமல் வந்த வெற்றி என்பதால் யாரும் அதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கனமழையில் குளம் வழிந்தால் இன்றும் மீன் சாகும். அது வேறு. ஆண்டு முழுக்கத் திறந்துவிட்ட காலம் போய்விட்டது.

இன்னொரு சாவு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. எங்கள் பக்கத்துக் கடலோர மண்ணுக்கு அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் பல இடங்களில் இருக்கிறது. நீருக்கு அடியில் கிடக்கும்வரை அது சாது. வாய்க்காலை ஆழ வெட்டி நிலத்தடி நீரை இறக்கிவிட்டால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. வெயில் காலம் முடிந்து முதல் பெருமழை பெய்ததும் அந்த அமிலம் வாய்க்காலில் இறங்குகிறது. நீர் பளிங்குபோலத் தெளிந்து கரையோரம் துருப் படிந்து நிற்பதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அழகாக இருக்கும், உள்ளே மீன் இருக்காது. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு வந்து செவுளைக் கெடுத்துவிடும். நல்ல தோட்டங்கள் வாய்க்கால் நீர்மட்டத்தை உயர்த்தியே வைத்திருக்கின்றன. அமிலம் ஏறினால் செம்பனையின் காய்ப்பும் குறையும் என்பதால் தோட்டத்துக்கும் அதில் இலாபம்தான்.

வெளியூர் மீன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பான் மீன் என்று நம் பெரியவர்கள் சொல்லும் திலாப்பியா, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்தது. அது பழகிப்போனது. இப்போது வாய்க்கால்களில் நிறைந்திருப்பது பண்டாராயா மீன். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யட்டும் என்று வாங்கி, பெரிதானதும் கொண்டு போய் ஆற்றில் விட்டது. தென் அமெரிக்க மீன். நம் மீன்களின் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொள்கிறது. தொட்டி மீனை ஆற்றில் விடாதீர்கள்.

இனி கடலுக்கு வருவோம். ரப்பர் மரம் சீவிய குடும்பங்களுக்குக் கடல் மீன் கணக்கு சட்டென்று விளங்கும். பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் வரும். கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவி, சீவிய பட்டை மறுபடி வளரக் காத்திருந்தால் மரம் பல்லாண்டு பால் தரும். வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்தைத்தான் இரக்கமில்லாமல் சீவுவார்கள். மீன்வளமும் அப்படித்தான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வளர்ந்து சேரும் அளவை மட்டும் எடுத்தால் இருப்பு குறையாது. மீன்வள அறிவியலில் நெடுநாள் எடுக்கக்கூடிய உச்ச அளவு என்று ஒரு கணக்கு உண்டு. அதன் சாரம் இதுவே.

அந்தக் கணக்கு குளிர்க் கடல்களில், ஒரே வகை மீன் கூட்டமாக இருக்கும் இடங்களில் உருவானது. அங்கேயே அது தவறியிருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் நூற்றாண்டுக் கணக்கில் காட் மீன் பிடித்தார்கள். இருப்பைத் தப்பாகக் கணித்து அளவுக்கு மேல் அனுமதி கொடுத்ததால் 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். மலாக்கா நீரிணையின் சேற்றுத் தரையில் நிலைமை இன்னும் கடினம். இங்கே ஒரே இழுப்பில் கத்தாளை, திருக்கை, காலா மீன், நண்டு, இறால் என்று டஜன் கணக்கான வகைகள் ஏறுகின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் வலைக் கண்ணி இன்னொன்றின் குஞ்சை வாரிவிடும். இழுவை வலையின் கடைசிப் பைக்குக் கண்ணி 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. விதிப்படி இருந்தாலும், பை நிரம்பி இறுகியபின் கண்ணிகள் மூடிக்கொள்கின்றன. குஞ்சு வெளியேற வழி இருக்காது.

அப்படி வரும் குஞ்சும் சில்லறை மீனும் படகுத்துறையில் ஈக்கான் பாஜா என்ற பெயரில் குவியலாக விற்கப்படுகின்றன. உர மீன் என்று பொருள். உரத்துக்கு மட்டும் போவதில்லை. தீவனமாகவும் கூண்டு மீன் வளர்ப்புக்கும் போகிறது. ஒருமுறை படகுத்துறையில் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விரல் நீளக் கெம்போங், நகம் அளவு கணவாய், ஒரு சாண் வஞ்சிரம். தெங்கிரி என்று கிலோ கணக்கில் விலை பேசி வாங்கும் அதே மீன்தான். இன்னும் சில ஆண்டு விட்டிருந்தால் அது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கூலியாகியிருக்கும். அதை அரைத்துக் கூண்டுச் சியாக்காப்புக்குப் போடுகிறோம். வளர்ப்பு மீன் வந்துவிட்டதால் கடலுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்தக் குவியலை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

இழுவை வலைகள் 1960களில் மேற்குக் கரைக்கு வந்தபோதே சிறு மீனவர்களோடு மோதல் வெடித்தது. படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1980களின் தொடக்கத்தில் கடலை மண்டலங்களாகப் பிரித்தார்கள். கரையிலிருந்து முதல் 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல், சிறு படகுக்கும் பழைய வலைகளுக்கும் மட்டும். இழுவை வலைக்கு அதற்கு அப்பால்தான் இடம் என்று அன்று வகுத்தார்கள். இந்தக் கோடு ஏழை மீனவருக்காகப் போடப்பட்டது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அதே கோடு குஞ்சுகளுக்கும் காவல். கொடுவாவும் இறாலும் சிறுவயதில் இருப்பது அந்தக் கரையோரத்தில்தானே. இரவில் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொரு படகும் நாற்றங்காலில் மாடு மேய்ப்பது மாதிரி. இதற்குள் இழந்தது கொஞ்சமில்லை. 1970களின் தொடக்கத்தில் மேற்குக் கரைக் கடலடியில் இருந்த மீன் வளத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டதாக மீன்வளத் துறையின் ஆய்வுகள் காட்டுகின்றன.

எதிர்க்கரையில் இந்தோனேசியா வேறு முடிவெடுத்தது. 1980-ல் ஜாவா, சுமத்ரா கடல்களில் இழுவை வலையை அடியோடு தடை செய்தது. காரணம் அதே மோதல்தான். கடலடி மீன்கள் ஓரளவு மீண்டன. பிறகு வேறு பெயர்களில் அதே மாதிரி வலைகள் நுழைந்தன. தடை போட்டால் போதாது, போட்டதைக் காக்கவும் வேண்டும் என்பதற்கு அது பாடம். நீரிணை ஒன்று என்பதால் ஒரு கரை காத்து மறுகரை வாரினால் இரண்டுக்கும் மிச்சமில்லை.

காத்தால் மீளும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. சபாவின் கடசான்டூசுன் மக்களிடம் தாகால் என்று ஒரு வழக்கம். தடை என்று பொருள். கிராமமே கூடி ஆற்றைப் பகுதிகளாகப் பிரிக்கும். சிவப்புப் பகுதியில் எப்போதும் பிடிக்கக்கூடாது. மஞ்சள் பகுதி ஊர் முடிவு செய்யும் நாளில் மட்டும் திறக்கும். பச்சைப் பகுதியில் விதிக்கு உட்பட்டுப் பிடிக்கலாம். 2003-ல் சபா அரசு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் இதற்கு இடம் கொடுத்தது. மீன் அற்றுப்போன ஆறுகளில் கெலா இன மீன்கள் காலைச் சுற்றி மொய்க்கும் அளவுக்குத் திரும்பிவிட்டன. காவலுக்கு அதிகாரி வேண்டியதில்லை. ஊரின் கண்ணே காவல். கொடுவாவுக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் இன்னொரு வழி வைத்திருக்கிறது. அங்கே 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் பிடிக்கக்கூடாது, 120-க்கு மேற்பட்டதையும் பிடிக்கக்கூடாது. சின்னது வளரட்டும், பெரியது தாயாக இருக்கட்டும் என்ற எளிய ஏற்பாடு. நம்மிடம் சின்னதை விடச் சொல்லும் வழக்கமாவது கொஞ்சம் உண்டு. பெரியதை விடு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கொடுவா, காலா மீன் மாதிரி ஆணாகப் பிறந்து பெண்ணாகும் மீன்களுக்கு அதுதான் உயிர்நாடி. சரவாக் ஆறுகளின் தெருபோக் மீனும் இதே சாதி. சினைக்காகவே அதைத் தேடிப் பிடித்து அருக வைத்துவிட்டார்கள்.

அதே குவீன்ஸ்லாந்தில், கெய்ன்ஸ் நகருக்கு எதிரே ஈஸ்ட் டிரினிட்டி என்று ஓர் இடம். எங்கள் ஊரின் இரட்டைப் பிறவி மாதிரி. 1970களில் கரும்புக்காக அலையாத்தி நிலத்தைக் கரை போட்டு அடைத்து, மதகு வைத்து, வடிகால் வெட்டினார்கள். பைரைட் மண் அமிலமாகியது, மீன் செத்தது, கரும்பும் தேறவில்லை. 2000களின் தொடக்கத்தில் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஓத நீரை அளவோடு உள்ளே விட்டு, சுண்ணாம்பும் கலந்தார்கள். கடல் நீருக்கே அமிலத்தை முறிக்கும் குணம் உண்டு. நிலம் ஆறியது, அலையாத்தி முளைத்தது, மீன் திரும்பியது.

எங்கள் தோட்டங்களை அப்படித் திறந்துவிடச் சொல்ல முடியாது. அங்கே பயிர் கைவிடப்பட்ட நிலம். இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு. ஆனால் செய்யக்கூடியது உண்டு. கதவின் அடியில் ஒரு சிறு திறப்பு வைத்து, நீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு ஏறியதும் தானே மூடிக்கொள்ளும்படி மிதவை பொருத்தலாம். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை, பல நாடுகளில் இருக்கிறது. சாதாரண ஓதத்தில் முதல் வாய்க்கால் வரை கொஞ்சம் உப்பு நீர் வரும், குஞ்சும் வரும். பெரிய ஓதத்தில் மூடிவிடும். செம்பனை வேருக்கு எட்டும் முன் மழை நீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். மதகுக்கு வெளியே உள்ள அலையாத்தி மர வரிசையை வெட்டாமல் விட்டாலே ஏறி வரும் குஞ்சுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். அந்த வரிசை மண்கரையையும் அலையிலிருந்து காக்கும். தோட்ட நிர்வாகங்களோடு பேச நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள்: அங்கேயே வேலை செய்த அப்பாக்களும், மேலாளர்களாகிவிட்ட பிள்ளைகளும்.

போன மாதம் பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயங்கள் இல்லை, முனியாண்டி கோயிலும் மதகும் இருக்கின்றன. மதகுக்கு வெளிப்புறம், கதவுக்கும் கல்லுக்கும் இடையே ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. கதவு இறுக ஒட்டியிருந்தது. ஓர் ஓரத்தில் கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்து கையகலத்துக்கு நீர் உள்ளே கசிந்தது. குனிந்து பார்த்தேன். அந்தக் கசிவுக்கு நேர் எதிரே, தலையை உள்பக்கம் திருப்பிக்கொண்டு, விரல் நீளத்தில் பத்துப் பதினைந்து குஞ்சுகள் வரிசையாக நின்றிருந்தன. என்ன மீன் என்று கலங்கல் நீரில் சரியாகத் தெரியவில்லை. ஒன்றன் கண் மட்டும் வெயில் பட்டுச் சிவப்பாக மின்னியது.